இல்லாத நாடும் இருக்கும் ஆறும்

நிலப்படம் என்பது வெறுங்கோடன்று. ஓர் இனம் தன் மண்ணை எவ்வாறு காண்கின்றது, எப்பெயரால் அழைக்கின்றது, எதனைத் தனதென்று கொள்கின்றது என்பனவற்றைக் காட்டும் உரிமை ஆவணம் அது. 1802-இல் இலாம்பிடன் என்னும் ஆங்கிலப் படையலுவலர் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெருநில அளவையைத் தொடங்கிய நாள்தொட்டு, அப்படத்தை வரையுங்கோல் ஆள்வோர் கையிலேயே இருந்து வந்தது. இன்று கணினியின் வரவால் அக்கோல் எளியோர் கைக்கும் வந்துள்ளது. வந்த கோலைக் கொண்டு நாம் எதனை வரையப் போகின்றோம்?

மேலைநாட்டு இளைஞரிடையே ஒரு புதுப் பொழுதுபோக்குத் தோன்றிப் பத்தாண்டுக்கும் மேலாக வளர்ந்து வருகின்றது. அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ஓப்பன் சியோபிக்சன்’. நாம் ‘பொதுப் புனைநிலம்’ எனலாம். 2004-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘ஓப்பன் சிட்ரீட்டு மேப்பு’ எனும் பொதுநிலப்படத்திற்கென ஆக்கப்பெற்ற மென்பொருளையே கொண்டு, ஞாலத்தில் எங்குமில்லாத ஓர் உலகை இவர்கள் கூடி வரைகின்றனர். ஆளுக்கொரு நாடு. அந்நாட்டின் மலை, ஆறு, ஊர், தெரு, தொடர்வண்டிப் பாதை, பள்ளி, இடுகாடு அனைத்தும் புனைவு. ஊர்ப்பெயர் இடுதற்கெனப் புதுமொழியையே ஆக்கிக்கொள்வாரும் உளர்.

இதனை வேலையற்றோர் விளையாட்டெனத் தள்ளுவார் தள்ளுக, யாம் தள்ளோம். என்னை? அவ்விளையாட்டிற்கும் ஓர் ஒழுங்குண்டு. ஆறு மேட்டினின்று பள்ளத்திற்கே ஓடவேண்டும். ஒருவர் வரைந்த சாலை அயலார் எல்லையில் அறுந்து நிற்றலாகாது. ஆகலின் அயலாரொடு பேசி ஒப்பிய பின்னரே கோடிழுத்தல் வேண்டும். மெய்யுலகப் படத்தைப் பெயர்த்து ஒட்டலும் ஆகாது. இல்லாத மண்ணுக்கு இத்துணை ஒழுங்கு!

கூடிப் புனைதல் நமக்கும் புதிதன்று. இறையனார் களவியலுக்கு உரைகண்டார் கடல்கொண்ட மதுரையையும் கபாடபுரத்தையும் சொன்னார். சிலம்பிற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்றும், அதனுள் ஏழ்தெங்கநாடு, ஏழ்மதுரைநாடு முதலாக 49 நாடுகள் என்றும் விரித்தார். 1864-இல் சிகிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் உள்ள தேவாங்கினத்து விலங்குகளின் உறவை விளக்குதற்கு ‘இலெமூரியா’ எனும் நிலத்தைக் கருதிக்கொண்டார். 20-ஆம் நூற்றாண்டில் நம்மவர் இவ்விரண்டையும் இணைத்து, ஒருவர் வரைந்ததன்மேல் ஒருவர் வரைந்து, எல்லையும் மலையும் ஆறும் இட்டு ஒரு படம் சமைத்தனர்.

இங்கே ஒன்றை ஒளியாது சொல்லல் வேண்டும். கடல்கோள் பற்றிய நினைவு நம் நூல்களில் உண்டு. கண்டத்தின் எல்லைக்கோடு அவற்றுள் எதனிலும் இல்லை. நிலத்தட்டுகளின் பெயர்ச்சியை அறிந்த இற்றை நிலநூல், மாந்தன் வாழ்ந்த காலத்தில் அத்தகைய பெருநிலம் இந்துமாக்கடலில் இருந்ததாகக் கொள்வதில்லை. இதனைச் சொல்வதால் தமிழின் தொன்மை மயிரிழையும் குறையாது. ஆதிச்சநல்லூரும் கீழடியும் கைக்கெட்டும் மண்ணிலேயே உள்ளன. முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டிய அளவிற்குத் தமிழ் மெலிந்ததன்று. புனைவைப் புனைவென்றே அறிந்து போற்றுவதில் இழுக்கில்லை. இருப்பதைக் காவாது இல்லாததைப் போற்றுவதே இழுக்கு.

இருக்கும் மண்ணுக்கு வருவோம். எம் பெரம்பூருக்கு வடக்கே எண்ணூர். அங்கே கொற்றலையாறு கடலொடு கலக்கின்றது. 1996-இல் நடுவணரசு ஒப்பிய கடற்கரைத் திட்டப்படத்தில் அக்கழிநிலம் கட்டடம் எழுப்பலாகாத நிலமெனக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்வழி அரசுத்துறையினின்று பெற்ற மற்றொரு படத்திலோ அக்கழியே இல்லை! 6,469 ஏக்கர் நீர்நிலம் படத்தினின்று மறைக்கப்பட்டதென 2017-இல் சூழலியல் ஆர்வலர் ஊரறியச் சொல்லினர். வலைவீசும் நீர் தாளில் தரையாயிற்று. புனைநிலத்தார் இல்லாத ஆற்றை வரைந்தனர். இங்கோ இருக்கும் ஆற்றை இல்லாததாக்கினர். இவற்றுள் எது விளையாட்டு, எது கேடு?

அம்மறைப்பு வெளிப்பட்டது எதனால்? பழைய படமொன்று சான்றாய் நின்றமையால். படம் வைத்திருப்பவனே வழக்காட முடியும். படமில்லாதவன் வாய்ச்சொல்லை எவர் ஏற்பர்?

பெயரின் நிலையும் இதுவே. 2020 சூனில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. பெரம்பூரும் தண்டையார்பேட்டையும் அப்பட்டியலில் இருந்தன. எழுத்துக்கூட்டலைப் பலரும் குறைகூறவே, சின்னாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. தொண்டியைச் சார்ந்த குணங்குடி மசுத்தான் சாகிபு வாழ்ந்தமையால் தொண்டியார்பேட்டை எனப் பெற்ற பெயரே தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்பர். ஊரின் வரலாற்றை ஊராரிடம் கேட்டுப் பதியாதவரை எந்த ஆணையும் நிலையாது. எம் பகுதியில் ஓடும் ஓட்டேரி ஓடையை இன்றும் ‘ஓட்டேரி நல்லா’ என்றே எழுதுகின்றனர். ‘நல்லா’ என்பது ‘நாலா’ எனும் இந்திச் சொல்லின் ஆங்கிலத் திரிபு. ஓடை எனும் நற்றமிழ்ச் சொல் நம் ஓடைக்கே இல்லாமற் போயிற்று!

தமிழாசிரியர்களே, இளைஞர்களே! பொதுநிலப்படத்தில் எவரும் எழுதலாம். ஒவ்வோரிடத்திற்கும் தமிழ்ப்பெயரைத் தனியே பதிதற்கு அதில் இடமுண்டு. 2015 திசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னையின் எத்தெருக்களில் நீர் நிற்கின்றதென மக்களே அப்படத்தின்மீது குறித்துக் காட்டினர். இடரில் முடிந்தது இயல்பு நாளில் முடியாதோ? 49 நாடுகளின் பெயரை ஒப்பிக்கும் மாணவன், தன் தெருவருகே ஓடும் ஓடையின் பெயரையும், தன் ஊர் ஏரியின் மதகையும் கரையையும் அறியட்டும். பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என முறைவைத்து வலையிடும் இடங்களின் பெயர்களை அவர்தம் வாயாலேயே கேட்டு எழுதட்டும். அவர் ஒப்பினால் படத்திலும் ஏற்றட்டும். புனைநிலத்து இளைஞர் அயலாரைக் கேட்டுக் கோடிழுக்கும் அந்நாகரிகத்தை நாம் மெய்ந்நிலத்தில் கைக்கொள்வோம்.

கடல்கொண்ட நாட்டிற்கு நாம் அழுத கண்ணீர் போதும். கண்முன்னே தாள்கொண்டு போகும் நீரையும் பெயரையும் முதலில் காப்போம்!