மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பெட்டி

2013இல் நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பில் கணினியில் குடும்ப மரம் செய்யச் சொன்னார்கள். திரையில் பெட்டிகள் தயாராக இருக்கும், பெயரை அடித்து நிரப்பினால் போதும். அம்மாவின் தம்பிக்கும் 'அங்கிள்' பெட்டி, அப்பாவின் தம்பிக்கும் 'அங்கிள்' பெட்டி. சரி, தொலையட்டும் என்று நிரப்பினேன். வினை அடுத்த வரியில் வந்தது. சித்தப்பாவின் இரண்டு மகள்மாரையும் பெரியம்மாவின் மூன்று மகள்மாரையும் என் சொந்தத் தங்கச்சிக்குப் பக்கத்தில் 'சிஸ்டர்' பெட்டியில் போட்டேன். வேறு எங்கே போடுவது? அவர்கள் எனக்கு அக்கா, தங்கச்சிமார்தானே. மாமாவின் மகளை மட்டும் 'கசின்' பெட்டியில் போட்டேன். ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "உனக்கு ஆறு சகோதரிகளா!" என்று சிரித்தார். பிறகு ஐந்து பேரையும் மௌஸால் இழுத்துக்கொண்டுபோய் 'கசின்' பெட்டிக்குள் விட்டார். மச்சாளும் தங்கச்சியும் ஒரே பெட்டிக்குள்!

(யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதே எங்களுக்கு இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. அந்த மென்பொருளை நம்பிக் கல்யாணம் பேசப்போனால் அடிதான் விழும் :-) )

அவர் நல்ல ஆசிரியை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பண்பாட்டைத் தொழில்நுட்பத்தின் துணையோடு ஆதரிக்கிறோம் என்று பள்ளிகள் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. ஏனென்றால் நான் பார்த்த தொழில்நுட்பம் எல்லாம் ஒருவழிப் பாதை. பள்ளியின் சொல் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டின் சொல் பள்ளிக்குப் போகாது.

பெயரிலிருந்தே பாருங்கள். வரவுப் பதிவு மென்பொருளில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். எங்களிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரை அதில் போட்டார்கள். போதாக்குறைக்கு என் பெயரின் வாலைக் கட்டம் வெட்டிவிட்டது. மாற்று ஆசிரியர் வரும் நாளெல்லாம் அப்பாவின் பெயர்தான் வகுப்பில் ஏலம் போகும். நான் "ஓம்" என்று கையைத் தூக்குவேன்.

பிறகு அந்தக் காதுக்கருவி. புதிதாக வந்தவர்களை மூலையில் ஒரு கணினிக்கு முன் இருத்தி, ஆங்கிலச் சொல் படிப்பிக்கும் விளையாட்டைப் போட்டுவிடுவார்கள். பனிமனிதன் படம் வரும், 'ஸ்னோமேன்' என்று குரல் வரும், அழுத்தினால் நட்சத்திரம் விழும். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் கூட்டமாக எரிமலை செய்துகொண்டிருப்பார்கள். மொழி ஆட்களோடு கதைத்துத்தான் வரும் என்பது எங்கள் அம்மம்மாவுக்கே தெரியும். ரொறொன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1981இலேயே இந்த நகரத்துப் பள்ளிகளின் தரவுகளை வைத்துக் காட்டிய விடயம் ஒன்று உண்டு. விளையாட்டுத் திடல் ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் பாடம் படிக்கும் ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு ஆண்டும் பிள்ளை எந்த மொழியில் யோசிப்பது? தமிழில் எனக்கு எரிமலை தெரியும், ஆவியாதல் தெரியும். யாரும் கேட்கவில்லை. நான் பனிமனிதனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

'பண்பாடு எங்கே இல்லை, தை மாதத்தைப் பார்' என்று சிலர் சொல்வார்கள். பார்த்தேன். ஒன்ராறியோவில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி தமிழ் மரபுரிமை மாதம். நல்ல விடயம், அதற்காக உழைத்தவர்களை மதிக்கிறேன். ஆனால் வகுப்பறைக்குள் அது எப்படி வருகிறது? இணையத்தில் இறக்கிய பரதநாட்டியப் படம், பொங்கல் பானைப் படம், பத்துச் சிலைட், கைதட்டல். பெப்ரவரி முதலாம் திகதி எல்லாம் மூட்டை கட்டியாகிவிடும். அந்தச் சிலைட்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது. கணக்குக்கு உண்டு, எரிமலைக்கு உண்டு. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. எதற்கு மதிப்பெண் இல்லையோ அது பெறுமதி இல்லாதது என்று அவர்களுக்கு விளங்கிவிடும்.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கிறேனா? இல்லை. ரொறொன்ரோவுக்குப் பக்கத்திலே மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற அரசுப் பள்ளியில் 2000களின் தொடக்கத்திலேயே செய்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதை எழுதினார்கள், வீட்டில் தாய் தகப்பனோடு உட்கார்ந்து அதைத் தங்கள் மொழியில் எழுதினார்கள், படம் வரைந்து ஸ்கேன் செய்தார்கள், இரு மொழியிலும் இணையத்தளத்தில் ஏற்றினார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியும் வாசிக்கலாம். அதற்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்கேனரும், பிள்ளையின் மொழி வகுப்பு வேலைக்குள் வரலாம் என்று நினைத்த ஆசிரியர்களும். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. யூனிகோடு இருக்கிறது. இல்லாதது இரண்டாவதுதான்.

'அதுதான் கூகிள் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே' என்பது அடுத்த பதில். தமிழ் அதற்குள் வந்தது 2011இல். இப்போது பள்ளிக் கடிதங்கள் தமிழில் வருகின்றன, அம்மாவுக்கு உதவிதான், மறுக்கவில்லை. முன்பு பெற்றோர் சந்திப்பில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். "வகுப்பில் கவனம் இல்லை" என்று ஆசிரியை சொன்னதை "பரவாயில்லையாம்" என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை போனதில் எனக்கு மட்டும்தான் நட்டம். ஆனால் அந்தக் கருவியை அம்மாவின் பக்கத்திலிருந்து யாராவது திருப்பிப் பிடித்தார்களா? 'உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், உங்கள் மொழியிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள்' என்று எந்தக் கடிதமும் வந்ததில்லை. சுற்றுலாவுக்குக் கையெழுத்து வேண்டும், பணம் வேண்டும். அவ்வளவுதான்.

இதில் எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். "தமிழ் வீட்டில கதைச்சாக் காணும், பள்ளிக்கூடத்தில இங்கிலீஸைப் படி" என்று சொல்கிற அப்பாமார் எத்தனை பேர்! பயம்தான் காரணம், விளங்குகிறது. ஆனால் தமிழில் விளங்கிய பின்னத்தை ஆங்கிலத்தில் மறுபடி முதலிலிருந்து விளங்கத் தேவையில்லை, சொல்லை மட்டும் மாற்றினால் போதும். தாய்மொழியைப் பூட்டிவைத்தால் பிள்ளைக்கு வேலை இரட்டிப்பாகும். அதற்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இருக்கிறதே என்பார்கள். 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் தொடர்ச்சி அது, நானும் போனேன். ஆனால் சனிக்கிழமைத் தமிழுக்கும் திங்கட்கிழமை விஞ்ஞானத்துக்கும் நடுவில் ஒரு கதவும் இல்லை.

'ஆசிரியருக்குத் தமிழ் தெரியாதே, எப்படித் திருத்துவார்?' நியாயமான கேள்வி. பிள்ளை தமிழில் திட்டமிடட்டும், தமிழில் பதிவு செய்யட்டும், அதன் சாரத்தை ஆங்கிலத்தில் தரட்டும். ஆசிரியர் ஆங்கிலப் பகுதியைத் திருத்தலாம். அதே மொழி பேசும் மூத்த மாணவன் மற்றதைக் கேட்கலாம். முதல்மொழியைப் பயன்படுத்தவிடச் சொல்லி ஒன்ராறியோக் கல்வி அமைச்சே 2005இல் 'மெனி ரூட்ஸ், மெனி வொய்சஸ்' என்ற ஆசிரியர் கைந்நூலில் எழுதியும் வைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2021 ஏப்ரலில் பள்ளிகள் மறுபடி மூடி, தங்கச்சியின் மூன்றாம் வகுப்பு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பாடம், தாவரங்களின் வளர்ச்சி. விதை எப்படி முளைக்கும் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா பொறுக்கமாட்டாமல் தொடங்கிவிட்டார். பனங்கொட்டை மற்ற விதைகளைப்போல நேரே மேலே முளைக்காது, முதலில் முளையைக் கீழே மண்ணுக்குள் அனுப்பும், அங்கேதான் கிழங்கு வைக்கும், அதைக் கிண்டி எடுத்துக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல் என்று கையைக் கத்தியோடு ஆட்டி ஆட்டி விளக்கம். அந்த வகுப்பில் அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே அருமையான தாவரவியல் அதுதான். எங்கள் வீட்டுக் குரல் பள்ளிக்குள் போன முதல் நாளும் அதுதான்.

"வீட்டில் சத்தமாக இருக்கிறது, மைக்கை மியூட் செய்யுங்கள்" என்றார் ஆசிரியை. தங்கச்சி உடனே அழுத்தினாள். அம்மம்மாவுக்கு அது தெரியாது. புழுக்கொடியல் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.