மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம் கடலை!

எக்ஸாம் டென்ஷன், தூக்கமில்லை, பீரியட்ஸ் வந்தா சுருண்டு படுக்குற வலி... உடனே ரூம்மேட், 'மக்னீசியம் மாத்திரை போடு, ஹார்மோன் எல்லாம் சரியாகிடும்'னு சொல்றாங்களா? அவசரப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ்!

மக்னீசியத்துக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டு, நிஜம்தான். இன்சுலின் சொல்றதை செல்கள் கேட்கவும், வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறவும் மக்னீசியம் வேணும். ரொம்பக் குறைஞ்சா பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பு தடுமாறி, ரத்தத்துல கால்சியமும் இறங்கிடும். மாதவிடாய் வலிக்கு உதவலாம்னு சில சிறிய ஆய்வுகள் சொல்லுது. உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை.

19 முதல் 30 வயசு வரை பெண்களுக்குத் தினமும் 310 மில்லிகிராம், ஆண்களுக்கு 400 என்பது அமெரிக்க அளவுகோல். வெறும் வெள்ளைச் சாதத்துல அது கிடைக்காது. அரிசியைத் தீட்டும்போதே பெரும்பகுதி தவிட்டோடு போயிடுது. அதனால மெஸ்ல கீரையை ஒதுக்காதீங்க. கேழ்வரகு, கம்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை... பாக்கெட் மணிக்குள்ளேயே முடிஞ்சிடும்.

மாத்திரை அதிகமானா வயித்தால போகும். கிட்னி பிரச்னை இருந்தா ஆபத்து. பீரியட்ஸ் மூணு மாசமா வரலையா? காரணம் தைராய்டா, பிசிஓஎஸ்ஸா, வேறெதுவுமான்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீங்க.

அப்புறம், கடலை போடுறதோட நிறுத்தாம, கொஞ்சம் சாப்பிடவும் செய்யுங்க!