ஹெட்லைட் எரியலையா? "மாத்திடலாம் சார்!"

கார் ஹெட்லைட் எரியவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "மாத்திடலாம் சார்." எதை? முதலில் பல்பை. அதற்கும் எரியவில்லையா, ரிலேயை. அப்புறம் ஸ்விட்ச்சை. கடைசியில் மொத்த அசெம்ப்ளியை. நடுவில் எங்கேயும் யாரும் எதையும் அளந்து பார்ப்பதில்லை. மாற்றிக்கொண்டே போனால் என்றைக்காவது ஒருநாள் எரியத்தானே செய்யும்! காய்ச்சல் என்று போனவனுக்கு முதலில் கிட்னியை மாற்றி, சரிவரவில்லை என்றதும் ஈரலை மாற்றிப் பார்க்கிற டாக்டரைச் சும்மா விடுவோமா? காருக்கு மட்டும் காசையும் கொடுத்துவிட்டு, தேங்க்ஸும் சொல்லிவிட்டு வருகிறோம்.

இத்தனைக்கும் ஹெட்லைட் சர்க்யூட் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், ரிலே, பல்பு, எர்த். இந்த வரிசையில் எங்கேயோ ஓரிடத்தில் கரண்ட் நிற்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. எதை வாங்கலாம் என்பது அதற்கு அப்புறம்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அந்தப் பக்கத்து பல்பு, கப்ளர், எர்த், ஃபியூஸ் இவற்றில் ஒன்று (பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ்). ரெண்டு பக்கமும் டிம் இல்லை, பிரைட் மட்டும் எரிகிறது என்றால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற டிம்-பிரைட் ஸ்விட்ச் மேலோ, டிம் ரிலே மேலோ சந்தேகப்படணும். எதுவுமே எரியவில்லை, ஆனால் ஹாரன் கணீரென்று அடிக்கிறது, செல்ஃப் எடுக்கிறது என்றால் பேட்டரி பாவம், அதை விட்டுவிடுங்கள். டிம் போட்டால் மங்கலாக எரிந்து, கூடவே சம்பந்தமே இல்லாமல் பார்க்கிங் லைட்டும் மினுக்கினால், எர்த் கிடைக்காத கரண்ட் வேறு வழி தேடி அலைகிறது என்று அர்த்தம்.

ரெண்டு பல்பும் ஒரே நேரத்தில் போகுமா என்றால், அபூர்வம். ஒன்று போன தீபாவளிக்கே போயிருக்கும், ஓனர் கவனித்திருக்க மாட்டார். இரண்டாவதும் போன அன்றைக்குத்தான் "திடீர்னு ரெண்டும் போச்சுப்பா" என்று புலம்புவார். இதை காமெடி என்று விட்டுவிட முடியாது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வலது பக்க லைட் போன கார் எதிரே வந்தால், இடது ஓரத்து ஒற்றை வெளிச்சம் மட்டும் தெரியும். யாரோ பைக்கில் ஓரமாக வருகிறார் என்று நினைத்து நீங்கள் ஓவர்டேக் எடுத்தால், இருட்டில் இருக்கிற மீதிக் கார் உங்கள் பாதையில் நிற்கும். அளந்து பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காசு மட்டும் காரணமில்லை.

சரி, அளக்கிறவர்களாவது ஒழுங்காக அளக்கிறார்களா? கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் வருது, வயரிங் ஓகே" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12 காட்டும். எச்4 பல்பில் டிம் 55 வாட், பிரைட் 60 வாட். 55ஐ 12ஆல் வகுத்தால் சுமார் 4.6 ஆம்பியர். பல்பை மாட்டி, ஸ்விட்ச்சைப் போட்டு, அந்தக் கரண்டை ஓடவிட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ் பின்னுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் ஏதோ தின்கிறது. பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அதைவிடக் குறைவாக, 0.1, 0.2 என்று இருக்கணும். சுத்தமாக அறுந்திருந்தால் இன்னும் சுலபம். முழு 12 வோல்ட்டும் எந்த ரெண்டு முனைக்கு நடுவே நிற்கிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. பல்பின் ரெண்டு பின்னுக்கு நடுவே நின்றால், அப்போது தாராளமாகப் பல்பை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது?

இந்த விஷயத்தில் நான் தலைவணங்குவது பஸ் ஸ்டாண்ட் ஓரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குத்தான். அவர் கையில் இருப்பது ஒரு இண்டிகேட்டர் பல்பு, ரெண்டு வயர், அவ்வளவுதான். அந்த 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஒற்றை இழை வயரில் அது மங்கிவிடும், காட்டிக்கொடுத்துவிடும். நம் லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் மீட்டரைவிட இந்த வேலைக்கு அது நேர்மையான கருவி. (கிர்ச்சாஃப் விதியை ரெண்டு பக்கம் எழுதுகிற எத்தனை பேருக்கு ஒரு டெஸ்ட் லேம்ப்பை எங்கே வைப்பது என்று தெரியும்? கிளாஸ்மேட்ஸ் கோபப்படாதீங்க, உங்களைச் சொல்லலை, பாடத்திட்டத்தைச் சொல்றேன் :-) )

என் மாமாவின் காருக்கு ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் "அசெம்ப்ளியே போயிடுச்சு" என்றார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்து அவருக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இந்த எலக்ட்ரீஷியன் செய்தது: எர்த் போல்ட்டைக் கழற்றினார், அடியில் இருந்த பச்சைப் பாசியை உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடி முறுக்கினார். எரிந்தது. கூலி ஒரு பிரியாணிக்குக்கூட ஆகாது.

எரியாமல் போவதற்கு நாமே காசு கொடுத்து ஏற்பாடு செய்வது தனிக் கதை. "வெளிச்சம் பத்தலை" என்று 100/90 வாட் பல்பு போடுகிறோம். ரெண்டு 60 வாட் பல்புக்குப் பத்து ஆம்பியர். ரெண்டு 100 வாட் பல்புக்குப் பதினாறே முக்கால். வயரிலும் கப்ளரிலும் எழும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், அது ஒன்றே முக்கால் மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், உள்ளே பின்னைப் பிடித்திருக்கும் தகடு இளகும், பிடி தளர்ந்த இடத்தில் இன்னும் சூடேறும். ஒருநாள் ஃபியூஸ் போகும். அதற்கு வைத்தியம் என்ன? பெரிய ஃபியூஸ்! ஃபியூஸ் போனதே எதையோ சொல்வதற்குத்தான், அதன் வாயை அடைத்துவிட்டு மறுபடி "மாத்திடலாம் சார்".

பல்பாவது மாற்றக்கூடியதாக இருந்தது. புதுக் கார்கள் பலவற்றில் சீல் வைத்த எல்இடி யூனிட்தான். உள்ளே ஒரு சின்ன டிரைவர் போர்டு செத்தால் முழு யூனிட்டும் குப்பை. "அமெரிக்காக்காரன் 1940லேயே சீல்டு பீம் போட்டான், அங்கேயும் ஃபிலமென்ட் போனால் மொத்தத்தையும்தான் மாத்தினான்" என்று சிலர் வாதாடுவார்கள். மாற்றினான்தான். ஆனால் அது ஏழு இன்ச் வட்டம், பல வருஷங்களுக்கு எல்லாக் காருக்கும் ஒரே அளவு, எந்தக் கடையிலும் கிடைத்தது. இன்றைய யூனிட் அந்த ஒரு மாடலுக்கு மட்டும், அந்தக் கம்பெனி சொல்கிற விலைக்கு மட்டும்.

கம்பெனிகளைச் சும்மா வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு: ஸ்பேர் பார்ட்ஸும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்பீல், வாய்தா எல்லாம் அப்புறம் நடந்தது. 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி அமைத்தபோது, அதன் பட்டியலில் மொபைல் போனோடு ஆட்டோமொபைலும் இருந்தது. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. ஒயரிங் டயகிராம் ஓனர் மேனுவலிலேயே அச்சாகணும். டிரைவர் போர்டு தனி பார்ட்டாக விற்கணும். "மாத்தணும்" என்று சொல்கிற சர்வீஸ் சென்டர், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது என்று பில்லில் எழுதித் தரணும். ரத்தம் எடுத்தால் லேப் ரிப்போர்ட் தருகிறார்களா இல்லையா?

டிஸ்கி 1: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

டிஸ்கி 2: மேலே சொன்னதெல்லாம் சாதாரண 12 வோல்ட் பல்புக்கு. எச்ஐடி லைட் உள்ள காரில் டெஸ்ட் லேம்ப்போடு விளையாட வேண்டாம். அதைப் பற்றவைக்க பல ஆயிரம் வோல்ட் வரும்.

டிஸ்கி 3: சில ஜப்பான் கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். பல்பின் பொது பின்னில் எப்போதும் 12 வருகிறது என்று பயந்து எதையும் மாற்றிவிடாதீர்கள்.