பிளேட்டு சின்னது, பில்லு பெருசு!

மேலூர், வாடிப்பட்டி பக்கம் சேற்றுழவு முடிஞ்சதும் டிராக்டர்கள் பட்டறைக்கு வரிசை கட்டும். முன்சக்கர ஆயில் சீலுக்குள்ள சேறு, தேய்ஞ்ச கிளட்ச் பிளேட்டு... அந்தப் பிளேட்டை மாத்த வண்டியையே நடுவுல ரெண்டாப் பிரிக்கணும். கூலி எகிறாம என்ன செய்யும்? (கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டுற டிரைவரையும் சும்மா விடக்கூடாது.)

ஆனா பெரிய கூத்து வரியில நடந்தது. 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் 21 வரை புது டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். அதோட டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் 18! பழசை ரிப்பேர் பண்ணி ஓட்டுறவருக்கு அபராதமா? கம்பெனிக்காரர் கட்டின வரியைக் கழிச்சுக்கலாம், ஜிஎஸ்டி பதிவே இல்லாத விவசாயி எதுல கழிப்பார்? இப்ப ரெண்டுக்கும் 5 சதவீதம்தான். சரி, எட்டு வருஷம் கூடுதலா வாங்கினதுக்கு யாருங்க கணக்கு சொல்றது?