பாட்டி கேட்ட தவ்ஹூ ரசம்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பாட்டிக்குச் சோறு இறங்காது. வயது 88. இரத்த அழுத்தம் வேறு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். புளி ரசம் நெஞ்சைக் கரிக்கிறது என்கிறார். உப்பில்லாத கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்த இழுபறியில்தான் எனக்கு மிசோ சூப் நினைவுக்கு வந்தது.

மிசோ என்பது சோயா பீன்ஸை அவித்து, உப்பும் 'கோஜி' என்ற பூஞ்சை வளர்த்த அரிசியும் சேர்த்துப் புளிக்க வைத்த விழுது. மாதக்கணக்கில் புளித்தால் சிவப்பு மிசோ, நெடி அதிகம். சீக்கிரம் எடுத்தால் வெள்ளை மிசோ, லேசான இனிப்பு. நம் வாய்க்கு முதலில் வெள்ளைதான் சரி.

"மிசோவே உப்புதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். வழக்கமான மிசோவில் சுமார் 12 விழுக்காடு உப்பு உண்டு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால் நான்கு கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி மிசோ மட்டும். அப்போது கிண்ணத்துக்கு ஒரு கிராம் உப்புதான் வரும். தனி உப்பு வேண்டவே வேண்டாம். குறைந்த உப்பிலும் ருசி நிற்பதற்குக் காரணம், அடியில் இருக்கும் சாறு.

ஜப்பானில் அந்தச் சாற்றைக் கொம்பு என்ற கடற்பாசியிலும், காய்ந்த சூரை மீன் சீவலிலும் எடுப்பார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய சொந்தம். 1908-இல் கிகுனே இகெடா என்ற பேராசிரியர் அந்தக் கொம்புச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த ருசிதான், பிறகு அஜினோமோட்டோவாக நம் சமையலறைக்கு வந்தது. ஜப்பானிய வீடுகளில் காய்ந்த சிறுமீனிலும் சாறு எடுப்பதுண்டு. அப்படியென்றால் சௌரஸ்தா பசாரில் கிடைக்கும் நெத்திலியே போதுமே!

ஒரு கைப்பிடி நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளி, உப்புப் போக நன்றாகக் கழுவுங்கள். குடலை விட்டால் கசக்கும். நாலரைக் கப் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். மென்மையான தவ்ஹூவைச் சிறு சதுரங்களாக வெட்டிப் போடுங்கள். வக்காமே கடற்பாசி இருந்தால் ஒரு சிட்டிகை போதும், ஊறினால் பொங்கிவிடும். தவ்ஹூ சூடானதும் அடுப்பை அணையுங்கள். மிசோவை ஒரு கரண்டிச் சாற்றில் கரைத்து அப்புறம்தான் ஊற்ற வேண்டும். ரசம் நுரை கட்டியதும் இறக்குகிறோம் இல்லையா? அதே கதைதான். கொதித்தால் மணம் போய்விடும். மேலே கொஞ்சம் வெங்காயத்தாள்.

புரட்டாசி விரதக்காரர்கள் நெத்திலிக்குப் பதில் உள்ளங்கை அளவு கொம்பையும் நான்கு காய்ந்த சீனக் காளானையும் ஊறவைக்கலாம். கொதி வருமுன் கொம்பை எடுத்துவிடுங்கள். உடனடிச் சாற்றுத்தூள் வாங்கினால் அதில் மீன் இருக்கிறதா என்று பாருங்கள். சில மிசோக்களில் மதுசாரம் சேர்ப்பதுண்டு. முஸ்லிம் நண்பர்களுக்குப் பரிமாறுவதானால் ஹலால் முத்திரையையும் பாருங்கள்.

பாட்டி முதல் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் குடித்து முடித்தார். "என்ன ரசம் இது?" என்றார். யோசிக்காமல் "ஜப்பான் சூப்பு பாட்டி" என்று சொல்லிவிட்டேன். கிண்ணத்தைத் தள்ளி வைத்தவர் அன்று வேறு எதுவும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போருக்கு முன் இதே ஜார்ஜ்டவுனில் சிந்த்ரா தெருவில் ஜப்பானியர் கடை நடத்தினார்கள். சீனர்கள் அதை ஜப்பான் தெரு என்றே சொல்வார்கள். 1941 டிசம்பரில் வந்தது வேறு ஜப்பான். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டி அப்போது சிறு பிள்ளை. மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். சயாம் மரண ரயில் பாதைக்குப் போன அவருடைய அப்பா திரும்பி வரவே இல்லை. இந்தக் கதையைச் சிறு வயதில் எத்தனையோ முறை கேட்டவள் நான். வாய்க்கு ருசி தேடிய அவசரத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன செய்வே" என்று மட்டும் சொன்னார். மிசோ டப்பாவை ஐஸ்பெட்டியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன்.

போன வாரம் பாட்டிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை கூப்பிட்டார்.

"அன்னைக்கு நெத்திலி போட்டு ஒரு தவ்ஹூ ரசம் வச்சியே, அது கொஞ்சம் வை."

வைத்தேன். ஊர் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.