நிற்காத சைக்கிள்!

2025-ம் ஆண்டு ஜூலை மாதம்.

தென்கொரியாவின் தலைநகரம் சியோல். அங்கே சரிவான ஒரு சாலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் சைக்கிளில் இறங்கி வந்தான். வேகம் ஏறிக்கொண்டே போனது. அவனால் நிறுத்த முடியவில்லை. கட்டிடத்துக்கு வெளியே இருந்த ஏர்கண்டிஷன் எந்திரத்தில் போய் மோதினான். உயிர் போய்விட்டது.

அவன் ஓட்டிய சைக்கிளில் பிரேக் இல்லை.

பிரேக் அறுந்து போகவில்லை. பிரேக் இல்லாமல் ஓட்டுவதுதான் அங்குள்ள பிள்ளைகளுக்கு நாகரிகம்!

கடையில் வாங்கும்போது பிரேக் இருக்கும். வாங்கிய பிறகு கழற்றி எறிந்துவிடுவார்கள். பின் சக்கரத்தைக் தரையில் சறுக்கவிட்டு, "பார்த்தாயா!" என்று நண்பர்களிடம் காட்டுவார்கள். பிரேக் கம்பி தொங்காமல் சைக்கிள் அழகாக இருக்கிறதாம். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. சரிவான சாலைக்கு அது தெரியாதே!

கால் நின்றால் சக்கரமும் நிற்கும்

இது என்ன சைக்கிள்?

நம் ஊர் சைக்கிளில் பெடலை மிதிக்காமல் சும்மா இருந்தாலும் வண்டி ஓடும். பின் சக்கரத்தில் "கிர்ர்" என்று சத்தம் கேட்கும். அங்கே இருப்பதுதான் பிரீவீல். 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இது உலகம் முழுவதும் பரவியது.

கொரியச் சிறுவர்களின் சைக்கிளில் பிரீவீல் கிடையாது. பல் சக்கரம் பின் சக்கரத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். காலுக்கு ஓய்வே இல்லை. நிறுத்த வேண்டுமானால் பெடலைப் பின்பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். காலே பிரேக்!

சமதரையில், மெதுவாகப் போகும்போது இது சரி. இறக்கத்தில் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 48 பல், பின்னால் 16 பல். பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் 3 முறை சுற்றும். வண்டி சுமார் 6 மீட்டர் நகரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், கால்கள் நிமிடத்துக்கு சுமார் 160 முறை சுற்ற வேண்டும். சாதாரணமாகச் சைக்கிள் மிதிப்பவரின் கால் அதில் பாதிகூடச் சுற்றாது.

கால் பெடலை விட்டு நழுவினால் கதை முடிந்தது. சுற்றுகிற பெடலில் மறுபடி காலை வைக்க முடியாது. வைக்கப் போனால் கணுக்காலில் அடிக்கும்.

பந்தயத்துக்குப் பிறந்தது

இந்தச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர்கள் பைத்தியக்காரர்களா? இல்லை.

இது வட்டப் பாதையில் ஓடும் பந்தயத்துக்கான சைக்கிள். அந்தப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். குறுக்கே மாடு வராது. லாரி வராது. கோலிக்குண்டு எடுக்கக் குழந்தை ஓடி வராது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு பறப்பார்கள். அங்கே ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால், பின்னால் வருகிறவர் எல்லோரும் விழுவார்கள். ஆகவே அங்கே பிரேக் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு!

ஜப்பானில் 1948-ல் தொடங்கிய "கெய்ரின்" பந்தயம் இந்தச் சைக்கிளில்தான் நடக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில். 2024 ஜனவரியில் "கேலோ இந்தியா" இளைஞர் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடந்தன.

பந்தயப் பாதையில் காப்பாற்றுகிற சைக்கிள், சாலைக்கு வந்தால் கொல்கிறது. தவறு சைக்கிளில் இல்லை. இடத்தில் இருக்கிறது.

லண்டன் வழக்கு

2016 பிப்ரவரியில் லண்டனில் 18 வயது வாலிபர் ஒருவர் இதே மாதிரி சைக்கிளில் போனார். முன் பிரேக் இல்லை. சாலையைக் கடந்த பெண்மணி மீது மோதினார். இரண்டு குழந்தைகளின் தாயான அந்த அம்மாளுக்கு வயது 44. அவர் இறந்துவிட்டார்.

எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? குழப்பம் வந்தது. கடைசியில் 1861-ம் ஆண்டுச் சட்டம் கை கொடுத்தது. குதிரை வண்டியை வெறித்தனமாக ஓட்டுகிறவர்களுக்காக எழுதிய சட்டம் அது! 2017-ல் வாலிபருக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது.

இங்கிலாந்தில் இந்தச் சைக்கிளுக்குத் தடை இல்லை. ஆனால் முன் பிரேக் கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகி வழுக்குகிறது. ஆகவே வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

அது சைக்கிளே அல்ல!

கொரியாவில் இன்னொரு வேடிக்கை. பிரேக் இருந்தால்தான் அது சைக்கிள் என்று சட்டம் சொல்கிறது. பிரேக்கைக் கழற்றினால்? அது சைக்கிளே அல்ல! சைக்கிள் அல்லாததைச் சைக்கிள் சட்டத்தில் எப்படிப் பிடிப்பது? போலீசார் கையைப் பிசைந்தார்கள்.

சிறுவன் இறந்த பிறகு, 2025 ஆகஸ்டில் போலீசார் புதிய வழி கண்டார்கள். "சைக்கிள் இல்லாவிட்டால் போகட்டும், அது ஒரு வண்டிதானே! பத்திரமாக ஓட்டாதது குற்றம்" என்றார்கள். பள்ளிக்கூடங்களின் அருகே சோதனை செய்வதாக அறிவித்தார்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பிடிபட்டால் பெற்றோருக்குத் தகவல் போகும். எச்சரித்த பிறகும் பெற்றோர் கவனிக்காமல் விட்டால், பிள்ளையைக் கைவிட்ட குற்றம் அவர்கள் மேல் வரலாம்.

பிள்ளை செய்த தவறுக்குப் பெற்றோரைப் பிடிப்பதா என்று கேட்கலாம். சைக்கிளுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதுதான் பதில்.

ரிஷிவந்தியத்தில்

இதற்கும் ரிஷிவந்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள ஊர் ரிஷிவந்தியம். பந்தயச் சைக்கிளில் பந்தா காட்டும் நாகரிகம் இங்கே பிரச்சினை அல்ல. ஆனால் பிரேக் பிடிக்காத சைக்கிள் எந்தக் கிராமத்துக்கும் புதிதல்ல.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், பின்னர் மாணவர்களுக்கும் வந்தது. பஸ் வராத ஊர்ப் பெண் பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்க அது உதவியது. நல்ல திட்டம்.

சைக்கிள் ஒரு முறைதான் கிடைக்கும். பிரேக் கட்டை தேய்ந்தால் வீட்டார்தான் மாற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள் பெருகிய பிறகு பல ஊர்களில் சைக்கிள் கடையே மூடிவிட்டது. "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளை செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறது. இரண்டு செருப்பு தேய்கிற செலவில் எத்தனையோ பிரேக் கட்டை வாங்கலாம்!

ஒன்றை யோசிக்க வேண்டும். கொரியச் சிறுவனுக்குக் கால் பலமாவது உண்டு. பெடலை அழுத்தினால் வேகம் கொஞ்சம் குறையும். நம் சைக்கிளில் பிரீவீல் இருக்கிறது. பெடலைப் பின்னால் மிதித்தால் வெறுமனே சுற்றும். பிரேக்கும் போய்விட்டால் ஒன்றுமே இல்லை. அந்தக் கொரியச் சைக்கிளை விட இது ஆபத்து.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு வெட்டும் காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் டிராக்டர்கள் மலை போல் சுமை ஏற்றிப் போகும். முன்னால் போகிற டிராக்டர் நின்றால், பின்னால் வருகிற பிள்ளையும் நின்றாக வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் சாலையைச் சொல்லவே வேண்டாம். வளைவுக்கு மேல் வளைவு.

நம் நாட்டில் சைக்கிளுக்கு லைசென்சு இல்லை. ஒரு காலத்தில் இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். "டபுள்ஸ்" போனாலும் பிடிப்பார். இன்று சைக்கிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்வது? ஜப்பான் நாட்டுச் சட்டத்தில் எளிய வழி இருக்கிறது. 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள், பிரேக் பிடித்ததும் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஓட்டமாக ஓடுகிற ஆளின் வேகம்தான் அது. 3 மீட்டர் என்பது சுமார் 10 அடி. தரையில் சுண்ணாம்பால் 10 அடி இடைவெளியில் இரண்டு கோடு போட வேண்டும். முதல் கோட்டில் பிரேக் பிடித்து, இரண்டாவது கோட்டுக்கு முன் நின்றால், அந்தச் சைக்கிளில் பிள்ளையை அனுப்பலாம்.