எதிரே இருப்பவன் கையிலும் மைக் இருக்கா?



நம்ம வகுப்பில் "காமெடி பீஸ்" யாருன்னு கேட்டால் எல்லா விரலும் என் பக்கம்தான் நீளும். "சிரிக்க வைக்கிறவன் உருப்பட மாட்டான்" என்பது எங்க வீட்டுத் தீர்ப்பு. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. என் சாட்சி ஸ்பெயின் நாட்டுக்காரர், அந்த்ரேயு புவெனஃபுவெந்தே. (பெயரை ஒரே மூச்சில் வாசித்தவர்களுக்கு ஒரு சபாஷ்!)

இவர் 1965-இல் காதலோனியாவில் ரேயுஸ் என்ற ஊரில் பிறந்தவர். உள்ளூர் வானொலியில் ஆரம்பித்தார். அங்கே நடத்திய நிகழ்ச்சிக்குப் பெயர் 'எல் தெர்ராத்'. காதலான் மொழியில் மொட்டை மாடி என்று அர்த்தமாம்! பிறகு அதே பெயரில் தயாரிப்பு நிறுவனமே தொடங்கினார். டிவி3 என்ற காதலான் தொலைக்காட்சியில் பல வருஷம் தாய்மொழியிலேயே சிரிக்க வைத்தார். நாடு முழுக்கத் தெரியும் ஆந்தெனா 3 சானலில் இரவு நிகழ்ச்சி நடத்தப் போனது 2005-இல். அப்போது வயது நாற்பது. நமக்கோ பதினாறு வயசிலேயே "நீ என்ன ஆகப் போறே?"ன்னு கேள்வி!

இரவு நிகழ்ச்சி என்றால் சும்மா இல்லை. முதலில் நின்றுகொண்டு அன்றைய செய்திகளைக் கிண்டலடித்துப் பேச வேண்டும். அப்புறம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விருந்தினரோடு அரட்டை. நேற்றைய ஜோக் இன்றைக்குச் செல்லாது. தினமும் பரீட்சை மாதிரி. இதை வேலை இல்லை என்று யார் சொல்வது?

அவரும் பெயில் ஆகியிருக்கிறார். 2012-இல் ஆந்தெனா 3-இல் தொடங்கிய புது நிகழ்ச்சி, பார்க்க ஆள் குறைவு என்று சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. மனுஷன் மூலையில் உட்காரவில்லை. 2016 முதல் 2021 டிசம்பர் வரை 'லேட் மோட்டிவ்' நடத்தினார். அதில் வந்து பேசிக்கொண்டிருந்த இளைஞர் தாவித் ப்ரோன்கானோவுக்கு 2018-இல் அதே சானலில் தனி நிகழ்ச்சி கிடைத்தது. தயாரித்ததும் எல் தெர்ராத்தான். அந்த ஜூனியர் 2024-இல் அரசுத் தொலைக்காட்சிக்கே போய்விட்டார்.

ஆனால் எனக்கு உறைத்தது இதெல்லாம் இல்லை. 2013-இல் பெர்தோ ரோமெரோ என்ற நண்பரோடு அவர் ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கினார். பெயர் 'யாருக்கும் ஒன்றும் தெரியாது' என்ற பொருளில் வரும். எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்வையாளர்கள் சீட்டில் எழுதிப் போட்ட கேள்விகளை எடுத்து எடுத்துப் பேசுவார்கள். இவர் அவரை வாருவார், அவர் இவரை வாருவார். இரண்டு பேர் முன்னாடியும் மைக் இருக்கும்!

போன பருவத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தைகள் தின விழாவில் மைக்கைப் பிடித்து, திக்கித் திக்கிப் பேசும் நம்ம வகுப்பு நண்பன் மாதிரி பேசிக் காட்டினேன். அரங்கமே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுவாரம் பேச்சுப் போட்டிப் பட்டியலில் இருந்து அவன் பெயரை அவனே அடித்துவிட்டான். மைக் என் கையில் மட்டும்தானே இருந்தது? அவன் எப்படித் திருப்பி அடிப்பான்?

ஆகவே என் கருத்து: காமெடியை நிறுத்தச் சொல்லாதீங்க, மேடையில் இன்னொரு மைக் வையுங்க. ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்க அவனையும் என்னோடு சேர்க்கச் சொல்லி ஐயாவிடம் கேட்டிருக்கேன். "பார்க்கலாம்" என்றார். அவனிடமும் கேட்டேன். "உன் ந... நடையை நான் செஞ்சு காட்டுவேன், ச... சம்மதமா?" என்றான். சம்மதம்தான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாங்க. என்னைக் கிண்டல் பண்ணியும் எழுதலாம்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு